ஜேர்மனியில் இருந்து வந்த காட்டுச் செடியின் விதை நிலாவெளி மணலில் முளைக்குமா?

நிலாவெளித் தோட்டக்காரன் எழுதிய கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நிலாவெளியில், கடற்கரையில் இருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் உள்ளே, எனக்கு முக்கால் ஏக்கர் மணற்காணி இருக்கிறது. அதில் ஒரு பகுதியில் சின்ன வெங்காயமும் மிளகாயும் மாறி மாறிச் செய்கிறேன். மிகுதியில் பதினொரு ஆடுகள் நிற்கின்றன. சென்ற ஆடி மாதம் விடுமுறைக்கு வந்திருந்த என் மச்சாள், தாம் வசிக்கும் ஜேர்மனிய ஊரின் காட்டோரத்தில் தானாக வளரும் ஒரு செடியின் விதைகளை ஒரு சிறிய கடதாசிப் பையில் கொண்டுவந்து தந்தார். அந்த ஊரவர்கள் அதனைப் 'பேரன்ஷோட்ட', அதாவது கரடிக்காய், என்று அழைக்கிறார்களாம். ஆங்கிலத்தில் அதற்கு 'மில்க் வெட்ச்' என்று பெயர் என்றும், ஆடுகளுக்குப் பால் கூடும் என்பதாலேயே அப்பெயர் வந்தது என்றும் அவர் சொன்னார். இலையை மென்றால் முதலில் அதிமதுரம் போல இனித்து, பின்னர் கசக்குமாம்.

ஆவணியில் இருபது விதைகளை எண்ணி எடுத்து, ஒரு பால்மாத் தகரத்தில் மணலும் மாட்டெருவும் கலந்து போட்டு, கிணற்றடி நிழலில் வைத்து நாள்தோறும் தண்ணீர் தெளித்தேன். ஒரு மாதம் கடந்தும் ஒன்றும் முளைக்கவில்லை. சந்தேகத்தில் மண்ணைக் கிளறிப் பார்த்தபோது விதைகள் அழுகவும் இல்லை, ஊதவும் இல்லை; போட்ட நாளில் இருந்தபடியே சிறுகல் போலக் கிடந்தன.

இவ்விதையை முளைக்கவைக்க வழி உண்டா? முளைத்தால் எங்கள் வெயிலில் நிற்குமா? அதிமதுரத்துக்குப் பதிலாக இதனைப் பயன்படுத்தலாமா? அவரைக் குடும்பத்துச் செடி என்பதால் வெங்காய நிலத்துக்குப் பசளையாகவும் ஆட்டுக்குத் தீனியாகவும் ஒரே செடியே உதவுமானால் எவ்வளவு நன்று என்பதே என் ஆசை. அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டியாரத்து ஓய்வாசிரியர் எழுதிய பதில்

தம்பி, மண்ணைக் கிளறிப் பார்த்து, விதை போட்டபடியே கல்லாகக் கிடந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது நல்ல அவதானம். அதிலேயே உங்கள் முதற் கேள்விக்கான விடை இருக்கிறது. அவரைக் குடும்பத்துக் காட்டுச் செடிகள் பலவற்றின் விதைத்தோல் நீரை உள்ளே விடாது. விழுந்த விதைகள் எல்லாம் ஒரே மழைக்கு முளைத்து, அடுத்து வரும் வறட்சியில் ஒன்றாக மடிந்துபோகாதபடி, சில இந்த ஆண்டும் சில அடுத்த ஆண்டும் முளைக்குமாறு இயற்கை வைத்த பூட்டு அது. மரவேலைக்காரர் பயன்படுத்தும் மணல்தாளில் தோலை இலேசாகத் தேய்த்து, ஓர் இரவு வெந்நீரில் ஊறவைத்தால் நீர் உள்ளே போகும். ஊதிய விதை முளைக்கும், ஊதாததை மீண்டும் தேய்க்க வேண்டும். அப்படிச் செய்தாலும், குளிர்ச்சியான மண்ணில்கூட முளை வெளிவருவதற்குச் சில வாரங்கள் எடுக்கும்.

வழியைச் சொல்லிவிட்டேன், ஆனால் அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. காரணங்களைக் கீழே எழுதுகிறேன்.

மச்சாள் சொன்ன ஜேர்மனியப் பெயரையும் இலையின் இனிப்பையும் வைத்துப் பார்த்தால், இது 'அஸ்திரகாலஸ் கிளைசிஃபில்லோஸ்' என்ற இனம். லின்னேயஸ் 1753 இல் வெளியிட்ட நூலிலேயே இப்பெயர் இருக்கிறது. இரண்டாவது சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'இனிப்பிலை' என்று பொருள். முதற் சொல் கணுக்கால் எலும்பைக் குறிக்கும். ஆட்டின் கணுக்கால் எலும்பைச் சூதுகாயாக உருட்டி விளையாடிய கிரேக்கர், இவ்வகைச் செடி ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அஸ்திரகாலஸ் என்ற பேரினத்தில் ஏறத்தாழ 3,000 இனங்கள் இருக்கின்றன. பூக்கும் தாவரங்களில் இதைவிடப் பெரிய பேரினம் வேறில்லை. ஆகவே 'மில்க் வெட்ச்' என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இணையத்தில் தேடினீர்களானால், மருந்து, நஞ்சு, பிசின், பசளை என்று ஒன்றோடொன்று ஒட்டாத செய்திகள் வந்து விழும். அவை எல்லாம் வெவ்வேறு செடிகளைப் பற்றியவை.

உங்கள் விதைக்குரிய செடி ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் காட்டு விளிம்புகளிலும் சுண்ணாம்புத் தன்மை கொண்ட புல்வெளிகளிலும் வளர்வது. பல ஆண்டுகள் வாழும் பூண்டு. தண்டு நிமிர்ந்து நிற்காமல் தரையில் சாய்ந்து, ஒரு மீற்றருக்கும் மேலாகப் படர்ந்து ஓடும். ஒவ்வோர் இலையும் எங்கள் அகத்தி போலச் சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும்; ஆனால் நுனியில் ஒற்றைச் சிற்றிலை ஒன்று நிற்கும், சிற்றிலைகளும் அகத்தியினதை விட எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை, இலைக்கக்கத்தில், பச்சை கலந்த வெளிர்மஞ்சள் பூக்கள் கொத்தாக வரும். காய்கள் மூன்று நான்கு சென்ரிமீற்றர் நீளத்தில் மேல்நோக்கி வளைந்து, சின்னஞ்சிறு வாழைச்சீப்பைப் போலத் தோன்றும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் பெயர்த்து நடுவதை இச்செடி விரும்பாது.

குளிர்காலத்தில் மேற்பகுதி பட்டுப்போய், வேர்த்தண்டில் இருந்து வசந்தத்தில் மீண்டும் துளிர்ப்பதே இதன் வாழ்க்கை முறை. திருகோணமலையில் அதற்கு ஓய்வு எங்கே கிடைக்கும்? வாடைக்காற்றுக் காலத்தின் மிகக் குளிர்ந்த இரவிலும் நாங்கள் 20 பாகை செல்சியசுக்குக் கீழே போவது அரிது. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று வீசும்போது நண்பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டுகிறது. நிலாவெளி வெண்மணலின் மேற்பரப்போ அதைவிட எவ்வளவோ கூடுதலாகக் கொதிக்கிறது. நீர் வடியும் மண் என்ற ஒரு பொருத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் திருமணத்தைச் செய்துவைக்க முடியாது. மார்கழியில் முளைத்து மாசி வரை அழகு காட்டி, சித்திரை வெயிலில் கருகிவிடும் என்றே எதிர்பார்க்கிறேன்.

இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நடுகைக்கான விதையை வெளிநாட்டில் இருந்து கொண்டுவருவதற்கு முன் அனுமதியும் அந்த நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். கட்டுநாயக்கவில் இதற்கென்றே தாவரத் தனிமைப்படுத்தல் சேவை இருக்கிறது. மச்சாள் அன்பினால் கொண்டுவந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் காட்டில் பொறுக்கிய அவரைக் குடும்ப விதைக்குள் வண்டின் முட்டையோ, விதை வழியாகப் பரவும் வைரசோ இருந்தால், அது முதலில் தேடிப்போவது உங்கள் அயலவரின் பயற்றையையும் கௌபியையும்தான். பாத்தீனியம் என்ற வந்தேறிக் களையைப் பிடுங்கிப் பிடுங்கி வடக்கில் உள்ளவர்கள் இன்னும் ஓயவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துச்செடி மாணவி எழுதிய பதில்

அதிமதுரம் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நான் சித்த மருத்துவம் பயிலும் மாணவி, பயிர்ச்செய்கை எனக்குத் தெரியாது.

நாட்டு மருந்துக் கடையில் நாங்கள் வாங்கும் அதிமதுரம் 'கிளைசிரைசா கிளாப்ரா' என்ற செடியின் உலர்ந்த வேரும் நிலத்தடித் தண்டும் ஆகும். மத்தியதரைக் கடலோரம் முதல் மத்திய ஆசியா வரை வளரும் அச்செடியும் உங்கள் கரடிக்காய்ச் செடியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, ஆனால் பேரினம் வேறு. இலையில் இனிப்புச் சுவை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாது. பல்கேரியாவின் நாட்டு மருத்துவத்தில் கரடிக்காய்ச் செடியின் பச்சைப் பாகங்களை இரத்த அழுத்தத்தைக் குறைக்கவும் சிறுநீரைப் பெருக்கவும் கொடுத்து வந்திருக்கிறார்கள். அதிமதுரமோ, அளவு மீறி நீண்ட நாட்கள் உண்டால், உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொற்றாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். சுவையால் உடன்பிறப்புப் போலத் தோன்றும் இரண்டும் மருந்துப் பெட்டியில் எதிரெதிர்த் தட்டுகளில் இருப்பவை.

இனிக்கும் இலைதான் வேண்டும் என்றால் உங்கள் வேலியிலேயே அது இருக்கக்கூடும். குன்றிமணிக் கொடியின் இலையை மென்று பாருங்கள். அதுவும் இனிக்கும், அதனாலேயே சிங்கள வைத்தியத்தில் 'ஒலிந்த கொள' என்ற பெயரில் அந்த இலை கசாயங்களுக்குப் போகிறது. ஆனால் அதே கொடியின் சிவப்பு மணிக்குள் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. மென்று விழுங்கிய ஒரு சில விதைகளே உயிரைப் பறிக்கப் போதுமானவை என்பதால், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதனை வளர்க்குமாறு நான் எவருக்கும் சொல்லமாட்டேன்.

உறவினர்கள் வெளிநாட்டில் இருந்து கொண்டுவரும் குளிசைப் போத்தல்களில் 'அஸ்திரகாலஸ்' என்று எழுதியிருப்பதைக் கண்டவர்கள் இங்கே இருப்பார்கள். அது வேறு இனம். வட சீனாவிலும் மொங்கோலியாவிலும் வளரும் செடியின் வேர். சீனர்கள் அதனை 'ஹுவாங்சி', அதாவது மஞ்சள் முதியவர், என்கிறார்கள். குளிர்நாட்டில் நான்கைந்து ஆண்டுகள் மண்ணில் நின்று தடித்த வேரையே தோண்டி எடுக்கிறார்கள். நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருள் என்று கருதப்படுவதால், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டு எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் அதனைத் தாமாகவே விழுங்கக் கூடாது. என் சொந்த மாமாவிடம் இதைச் சொல்லி நம்பவைக்க எனக்கு இரண்டு நாட்கள் சென்றன.

தம்பலகாமத்து வயல்காரன் எழுதிய பதில்

ஆசிரியர் ஐயா எழுதியதோடு வயற்பக்கத்தில் இருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தியபோது, கந்தளாய்க் குளத்து நீரில் நெல் விதைக்கும் எங்களைப் போன்றவர்கள், பசுந்தாட் பசளை என்று பெயர் கேட்ட ஒவ்வொரு செடிக்குப் பின்னாலும் ஓடினோம். அப்போது என் மருமகன் ஜப்பானிய வயல்களின் படம் ஒன்றைக் காட்டினான். வரப்பு முதல் வரப்பு வரை இளஞ்சிவப்புப் பூ. பார்த்த கண்ணுக்கு வயலா, கோயில் பூங்காவனமா என்று தெரியவில்லை. அதுவும் இந்தப் பேரினத்தைச் சேர்ந்த செடிதான். 'அஸ்திரகாலஸ் சினிகஸ்' என்று பெயர், ஜப்பானியர் 'ரெங்கே' என்கிறார்கள். சீனாவிலும் ஜப்பானிலும் கொரியாவிலும் நீண்ட காலமாக நெல்வயலுக்கு உரமாகவும் தேனீக்களுக்குத் தீனியாகவும் பயன்பட்டு வருவது.

விதை தேடுவதற்கு முன்னர் அதன் நாட்காட்டியைப் பார்த்ததால் தப்பினேன். அவர்கள் நெல் அறுவடைக்கு அண்மையாக, இலையுதிர் காலத்தில், நிற்கும் பயிருக்குள்ளேயே இவ்விதையைத் தூவிவிடுகிறார்கள். முளைத்த செடி பனிக்காலம் முழுவதும் தரையோடு ஒட்டிக் கிடந்து, வசந்தத்தில் ஒரேயடியாக எழுந்து பூக்கிறது. அதனை மடக்கி உழுது, அழுகவிட்டு, அதன் பின்னர் நாற்று நடுகிறார்கள். நிலம் நெல்லுக்கு உதவாத குளிர்மாதங்களை அந்தச் செடி நிரப்புகிறது. எங்களுக்கோ அந்த மாதங்கள்தான் பெரும்போகம். அப்போது வயலில் நெல் நிற்கிறது. எங்கள் நிலம் சும்மா கிடப்பது பெரும்போக அறுவடைக்குப் பின்னர், பங்குனி சித்திரை வெயிலில். குளிரில் வளரும் செடியை அந்த இடைவெளிக்குள் கொண்டுவந்து திணிக்க முடியாது.

மண்ணுக்குள் இன்னொரு தடையும் இருக்கிறது. நைதரசனைப் பிடிப்பது செடி அன்று, அதன் வேர்ச் சிறுகணுக்களில் குடியிருக்கும் பற்றீரியா. எல்லாப் பற்றீரியாவும் எல்லாச் செடியோடும் சேர்வதில்லை. ரெங்கே செடி தனக்கென்று ஒரு குறிப்பிட்ட வகையையே ஏற்றுக்கொள்வதால், சீனாவிலேயே அதனைப் புதிய நிலத்தில் விதைக்கும்போது அந்தப் பற்றீரியாவை விதையில் தடவித்தான் போடுகிறார்கள். கரடிக்காய்ச் செடியை நீங்கள் எப்படியாவது முளைக்கவைத்தாலும், அதற்கேற்ற கூட்டாளி நிலாவெளி மணலில் இல்லை என்றால், அது காற்றில் இருந்து எதையும் பிடிக்காமல் உங்கள் மாட்டெருவையே தின்று வளரும்.

நான் இறுதியில் சணலை, இந்தியாவில் சணப்பு என்பார்களே அதை, விதைத்தேன். ஈரம் இருக்கும்போது தூவினால் ஆறு ஏழு கிழமைகளில் இடுப்பளவு வரும். பூக்கத் தொடங்கும்போதே மடக்கி உழுதுவிட வேண்டும், பிந்தினால் தண்டு நார்ப்பற்றி உழவு இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும். அந்தப் பிழையை முதலாம் ஆண்டு செய்துவிட்டு அரை நாள் கத்தியோடு உட்கார்ந்திருந்தேன். வேரைப் பிடுங்கி ஒரு சிறுகணுவை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பற்றீரியா வேலை செய்கிறது, வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. எந்த அவரைச் செடிக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

நிலாவெளித் தோட்டக்காரன்

மூவருக்கும் நன்றி. அனுமதி வேண்டும் என்பது உண்மையில் எனக்குத் தெரியாது; விதையை இனி மண்ணில் போடமாட்டேன். எங்கள் காணியின் ஓரத்தில் காவிளாய் தானாகவே நிற்கிறது. இந்தியாவில் கொழுஞ்சி என்று சொல்வது இதைத்தான் என நினைக்கிறேன். இதுவும் அவரைக் குடும்பம் அல்லவா? வெங்காயத்துக்கு அதனையே பசளையாக்கி, ஆட்டுக்கும் அதனையே போடலாமா? ஆட்டுக்குப் பால் கூடும் என்ற கதையைப் பற்றி எவரும் எழுதவில்லையே. ஆசிரியர் ஐயா 'நஞ்சு' என்று ஒரு சொல்லை இடையில் விட்டுச் சென்றதும் எனக்கு யோசனையாக இருக்கிறது.

பன்குளம் ஆட்டுப்பட்டி எழுதிய பதில்

தம்பி, ஆடு பற்றிய கேள்வி என்பதால் நான் எழுதுகிறேன். முப்பது ஆடுகளுக்குக் குறையாமல் பதினாறு ஆண்டுகளாகப் பட்டி வைத்திருக்கிறேன். கால்நடைத் தீனி பற்றிய பயிற்சி வகுப்புகளுக்கும் தவறாமல் போய்வந்திருக்கிறேன்.

பால் கூடும் என்பது ஐரோப்பாவின் பழைய நம்பிக்கை. பெயர் வந்தது அந்த நம்பிக்கையால்தான். காய்ந்த புல்லைத் தின்றுகொண்டிருந்த ஆட்டுக்குப் புரதம் உள்ள எந்த அவரைக் குழையைப் போட்டாலும் பால் சற்றுக் கூடும். அந்தப் புகழில் பெரும்பங்கு ஆட்டின் முந்தைய பட்டினிக்கே சேர வேண்டும். இந்தப் பேரினத்தோடு ஆட்டின் பெயர் இன்னோரிடத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈரானிலும் துருக்கியிலும் உள்ள முட்புதர் இனங்களின் தண்டடியைக் கீறி எடுக்கும் பிசினுக்கு 'திரகாகாந்தம்' என்று பெயர். கிரேக்கத்தில் அது 'ஆட்டு முள்' என்று பொருள்படும். நீரில் ஊறிப் பலமடங்கு பெருகும் அந்தப் பிசின் இன்றும் இனிப்புப் பண்டங்களிலும் மருந்துகளிலும் சேர்கிறது. உணவுப் பொதியில் ஈ 413 என்று போட்டிருந்தால் அதுதான்.

ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட நஞ்சு வட அமெரிக்க இனங்கள் சிலவற்றில் இருப்பது. அங்கே அவற்றை 'லோக்கோ' களை என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் அது பைத்தியத்தைக் குறிக்கும் சொல். செடிக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு பங்கசு 'சுவைன்சொனின்' என்ற பொருளை உண்டாக்குகிறது. வாரக்கணக்கில் அச்செடியை மேயும் மாடும் குதிரையும் ஆடும், உயிர்க்கலங்களுக்குள் சீனிப்பொருள் செரியாமல் தேங்கி நரம்புகள் கெடுவதால், கால் தடுமாறி, வெறித்துப் பார்த்து, மெலிந்து, கருவையும் இழந்துவிடும். வேறு சில இனங்கள் மண்ணில் உள்ள செலினியத்தை உறிஞ்சி இலையில் நிறைத்து வைக்கின்றன. அவற்றைத் தின்ற கால்நடைகளுக்கு மயிர் உதிர்ந்து குளம்பும் கழன்றுவிடும். புல் இன்னும் தலைகாட்டாத முன்வசந்தத்தில் இவை பச்சையாக நிற்பதுதான் விபரீதத்துக்குக் காரணம். பசித்த கால்நடை பச்சையைக் கண்டால் பெயர் கேட்பதில்லை. உங்கள் கரடிக்காய் அந்தப் பட்டியலில் உள்ள செடி அன்று. ஐரோப்பாவில் அதனைக் கால்நடைகள் மேய்கின்றன. ஆனால் முத்திய விதையைக் கையில் வைத்துக்கொண்டு 3,000 இனங்களில் இது எது என்று உறுதியாகச் சொல்வது எளிதன்று. என் பட்டிக்குள் விட்டுப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை.

காவிளாயைப் பொறுத்தவரை, அது பசளைக்கு நல்லது, தீனிக்கு ஆகாது. மாடு அதனைத் தொடாது. ஆடு இளங்குருத்தை ஆங்காங்கே கிள்ளும், வயிறு நிறையத் தின்னாது. மீனை மயக்கப் பயன்படும் வகைப் பொருட்கள் அந்தப் பேரினத்தில் இருப்பதே காரணம். தோட்டக்காரருக்கு அது ஒரு வசதியும்கூட. வேலி இல்லாமலே விதைக்கலாம்.

ஆட்டுக்கு வேலியில் சீமைக்கிளுவையை நடுங்கள். வெட்டிய உடனே போட்டால் மணம் பிடிக்காமல் ஆடுகள் முகத்தைத் திருப்பும். அரை நாள் வாடவிட்டு, தவிட்டை மேலே தூவி, ஒரு கிழமை பழக்கினால் பின்னர் விடாது. மணற்காணியிலும் அகத்தி விரைவாக வரும். ஆனால் தண்ணீர் தேங்கினால் இறந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், மாரியைத் தாங்கும், காற்றுக்குத்தான் முறியும். இபில் இபில் சிறந்த குழைதான். அதில் 'மிமோசின்' என்ற பொருள் இருப்பதால் தனித்தீனியாகப் போடாமல் மொத்தக் குழையில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பற்றி ஓர் ஆட்டுக்கதை உண்டு. அவுஸ்திரேலியாவில் இபில் இபில் தின்ற மாடுகள் நோயுற்றன, ஹவாயில் ஆடுகள் அதனையே தின்று நலமாக இருந்தன. 1980களில் ஹவாய் ஆடுகளின் இரைப்பைத் திரவத்தை எடுத்துச் சென்று அவுஸ்திரேலிய மாடுகளுக்குள் செலுத்தினார்கள்; நஞ்சை உடைக்கும் பற்றீரியா அந்தத் திரவத்தோடு குடிபெயர, மாடுகளின் நோய் நின்றது.

கச்சான், அதாவது நிலக்கடலை, பிடுங்கிய பின்னர் கிடைக்கும் கொடியைக் காயவைத்துக் கட்டி வைத்தீர்களானால் ஆவணி புரட்டாதிப் பஞ்சத்துக்கு அதைப் போன்ற தீனி இல்லை. எங்கள் ஊரில் பலர் அதனை வேலியோரத்தில் எரித்துவிடுகிறார்கள். பார்க்க வயிறு எரிகிறது.

கொட்டியாரத்து ஓய்வாசிரியர்

பன்குளத்து அக்கா எழுதியவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். காவிளாய் பற்றி விட்டுப்போனதை மட்டும் சொல்கிறேன். 'தெஃப்ரோசியா பெர்பூரியா' என்பதே அது. அடையாளத்தில் ஐயம் இருந்தால் ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுங்கள். நேராகக் கிழியாமல் அம்புத்தலை போலக் கூராக அறுந்து வரும். வடமொழியில் அதற்குச் 'சரபுங்கா' என்று பெயர். சரம் என்றால் அம்பு. சித்த மருத்துவத்தில் கொள்ளுக்காய் வேளை என்று வழங்குவதும் இதுதான்; மண்ணீரல், ஈரல் நோய்களுக்குச் சேர்ப்பார்கள்.

தட்டையான காய்கள் பழுப்பாகி, வெடிப்பதற்கு முன்னர், காலை ஈரத்தோடு பறித்து ஒரு சாக்கில் போட்டுக் காயவிடுங்கள். பூட்டு இங்கேயும் அதே பூட்டுத்தான். விதையைப் பருமணலோடு சேர்த்து உரலில் இலேசாகக் குற்றலாம். அல்லது கை பொறுக்காத சூட்டில், ஏறத்தாழ 55 பாகை செல்சியஸ் வெந்நீரில், இரண்டு மூன்று நிமிடங்கள் வைத்து எடுக்கலாம். கொதிநீரை ஊற்றினால் விதை வெந்துவிடும். ஒரு ஏக்கருக்கு ஏழு எட்டுக் கிலோகிராம் விதை போதும். தொடக்கத்தில் மிக மெதுவாகவே வளரும் என்பதால் முதல் மாதத்தில் களை எடுக்கத்தான் வேண்டும். வேர் ஆழத்தில் இறங்கிய பின்னர் கச்சான் காற்றுக்கும் அசையாது. வெங்காயம் கிளப்பிய ஈரத்தில், சித்திரைச் சிறுமழையை நம்பித் தூவி, புரட்டாதிக் கடைசியில், பூக்கும் நேரத்தில், மண்ணுக்குள் மடக்கினீர்களானால், கார்த்திகை மழை முடிந்து அடுத்த நடுகை வருவதற்குள் அது நன்றாக மக்கியிருக்கும்.

மச்சாள் தந்த மிகுதி விதைகளைக் குப்பைக் கிடங்கில் கொட்ட வேண்டாம். எரித்துவிடுங்கள். தகரத்தில் உள்ள மண்ணையும் அரித்து, அதில் இருப்பவற்றையும் எடுத்து நெருப்பில் போடுங்கள்; கடினத்தோல் விதை பல ஆண்டுகள் மண்ணில் காத்திருக்கும்.

நிலாவெளித் தோட்டக்காரன்

ஐயா, அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. சென்ற ஞாயிறு வேலியோரத்தில் காவிளாய்க் காய்களைப் பறித்து, உரலில் மணலோடு குற்றிய இருபத்தைந்து விதைகளையும் குற்றாத இருபத்தைந்தையும் ஈரச் சாக்கில் தனித்தனியே சுற்றி வைத்தேன். ஆறாம் நாள் இன்று எண்ணியபோது குற்றியவற்றில் பதினெட்டு முளைவிட்டிருக்கின்றன, குற்றாதவற்றில் மூன்று மட்டுமே. சீமைக்கிளுவைத் தடிகளுக்கு அயலவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கடதாசிப் பையை நேற்று மாலை அடுப்பில் போட்டேன். மச்சாளிடம் இன்னும் சொல்லவில்லை. இதை அவர் வாசித்தால் வாசிக்கட்டும். தகரத்து மண்ணை மாவரிக்கும் அரிதட்டில் இரண்டு தடவை அரித்துப் பத்தொன்பது விதைகளை எடுத்துவிட்டேன். இருபதாவது இன்னும் அகப்படவில்லை.